வெளியூர் போனவர்கள்

ஜனவரி 6

இந்த டைரி கால்சியம் மாத்திரை விற்கிற கம்பெனி கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் கீழே ஒரு அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். வருடா வருடம் வாங்கி, பால் கணக்குகூட எழுதாமல் தூக்கிப் போடுவது வழக்கம். இந்த வருடம் எழுதப் போகிறேன். எங்கேயாவது திட்டித் தீர்க்காவிட்டால் எனக்கே ரத்தக்கொதிப்பு வந்துவிடும். வந்தால் அதையும் நானே கணினியில் ஏற்ற வேண்டும்.

இன்று மாவட்ட அலுவலகத்தில் பயிற்சி. கல்லங்காட்டுப்புதூர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலர் என்ற முறையில் எனக்குக் கழுத்தில் ஒரு அட்டை, கையில் ஒரு டேப்லெட், மதியம் ஆறிப்போன சாம்பார் சாதம். பளபளவென்று ஷூ போட்ட திட்ட மேலாளர் ஒருவர் மேடையில் நடந்துகொண்டே பேசினார். உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும் போலிருக்கிறது. இனி ஒவ்வொரு சர்க்கரை நோயாளிக்கும் கணினியில் ஒரு பதிவு. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் அவர் பெயர் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. பச்சைகள் போதுமான அளவு சேர்ந்தால் நிலையமே பச்சை. பச்சை நிலையத்து டாக்டருக்கு ஊக்கத்தொகை, பாராட்டுச் சான்றிதழ், இன்னும் என்னென்னவோ. திட்டத்துக்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். அதை இங்கே எழுதக் கை கூசுகிறது.

“டேட்டா பேசும் டாக்டர்ஸ்! டேட்டாவைக் கேளுங்க!” என்றார். பின்வரிசையில் ஒருவர் குறட்டை விட்டுப் பேசிக்கொண்டிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

ஒரே ஒரு இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மே மாத இடமாறுதல் கலந்தாய்வு அன்று எந்த நிலையம் பச்சையோ, அதன் டாக்டருக்கு முன்னுரிமை. நிரஞ்சனா ஜூனில் பன்னிரண்டாம் வகுப்பு போகிறாள். அவளும் அவள் அப்பாவும் கோவையில். நான் காங்கேயத்தில் ஒரு வாடகை வீட்டில், ஒரு குக்கரோடு குடித்தனம் நடத்துகிறேன். போன வருடம் என் முறை வருவதற்குள் கோவை இடமெல்லாம் தீர்ந்துபோனது. இந்த வருடமும் தீர்ந்தால், பெண் பள்ளிக்கூடம் முடித்துப் போவதை வாட்ஸ்அப்பில்தான் பார்க்க வேண்டும்.

ஜனவரி 9

சர்வர் வேலை செய்யவில்லை. நிம்மதியாக நோயாளிகளைப் பார்த்தேன்.

ஜனவரி 22

சர்வர் வேலை செய்கிறது.

ஒரு ஆளுக்குத் திரையில் நான்கு பக்கம். உயரம் கேட்கிறது, எடை கேட்கிறது, புகை பிடிப்பாரா என்று எழுபது வயது ஆத்தாளைக் கேட்கச் சொல்கிறது. எதையாவது விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. வாசலில் வரிசை மாட்டாஸ்பத்திரி வரை நிற்கிறது. எப்சிபா சிஸ்டர் பாவம், ரத்த அழுத்தம் பார்ப்பதும் பெயர் கூப்பிடுவதும் டைப் அடிப்பதுமாக அல்லாடுகிறார். இரண்டு விரலில்தான் அடிப்பார். ஒவ்வொரு எழுத்தையும் பேன் பார்ப்பதுபோல் தேடி எடுக்கிறார்.

மயிலாத்தாள் வந்தாள். தேங்காய்க் களத்தில் காய் உடைப்பவள், ஐம்பதைத் தாண்டியவள். நான் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என் நோயாளி. அவள் சர்க்கரை ஒரு நாளும் இறங்கியதில்லை, அவள் வாயும் ஒரு நாளும் ஓய்ந்ததில்லை.

“என்னுங்க டாக்டரம்மா, என்ற மூஞ்சி மறந்துபோச்சுங்களா? வந்ததுலருந்து அந்தப் பொட்டியவே பாத்துட்டு இருக்கறீங்க.”

“டீயில சக்கரை போடறீங்களா?” திரையைப் பார்த்தபடியே கேட்டேன்.

“நான் போடறதில்லீங்க. டீக்கடைக்காரன் போடறானுங்க.”

சிரிப்பு வந்துவிட்டது. அவளிடம் மட்டும் எனக்குக் கோபம் நிற்பதில்லை. இன்சுலின் ஊசி போட்டுக்கொள் என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. ஊசி போட்டால் களத்தில் சேர்க்க மாட்டார்களாம், அது ஒரு கதை. சர்க்கரை அளவை ஏற்றியதும் அவள் பெயர் சிவப்பாக மாறியது. எட்டிப் பார்த்தாள்.

“இதென்னுங்க, செவப்பா வருது?”

“உங்க சர்க்கரை.”

“பாக்கறதுக்கு லட்சணமாத்தானுங்க இருக்குது.”

கடைசிப் பக்கத்தில் “கால் பரிசோதனை செய்யப்பட்டது, இயல்பு” என்று ஒரு கட்டம். டிக் செய்தால்தான் சேமிக்கும். கால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தது, வரிசை வாசலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. டிக் செய்தேன். எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறேன். எல்லா டாக்டர்களும் அப்படித்தான் செய்வார்கள்.

பிப்ரவரி 3

காணொலி ஆய்வுக் கூட்டம். மாவட்ட வரைபடத்தில் எங்கள் நிலையம் அடிபட்ட கட்டைவிரல் மாதிரி சிவந்து கிடக்கிறது. “கல்லங்காட்டுப்புதூர்ல என்ன பிரச்சினை மேடம்?” என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் கேட்டார். சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை இருக்கிறது என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மைக் அணைந்திருந்ததாம்.

பக்கத்து நிலையத்து ஜெயசீலன் பச்சை. இந்தப் பச்சை அந்தப் பச்சை இல்லை, வயலில் நாற்று நட்ட பச்சை. கல்லூரியில் என் பேப்பரைப் பார்த்து எழுதித் தேறியவன் அவன். அவன் மாத்திரை கொடுத்து ஒரு ஊரே குணமாகிறது என்றால், மருத்துவ விஞ்ஞானத்தை மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியதுதான்.

கேஸ் தீர்ந்துவிட்டது. புக் செய்ய வேண்டும்.

பிப்ரவரி 11

தைப்பூசம், விடுமுறை. சிவன்மலைத் தேர்க் கூட்டத்தில் பஸ் கிடைத்து கோவை போய்ச் சேர மதியமாகிவிட்டது. நிரஞ்சனா டியூஷனில் இருந்தாள். வந்ததும், “எப்பம்மா கிளம்பற?” என்று கேட்டாள். வந்தவளைப் பார்த்து முதல் கேள்வி அது. தப்பாகக் கேட்கவில்லை, டியூஷன் நேரத்தை அதற்கு ஏற்ப மாற்றலாம் என்றுதான் கேட்டிருக்கிறாள். அவள் அப்பா செய்த ரசத்தை நன்றாயிருக்கிறது என்று சாப்பிட்டாள். நன்றாக இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். ஜன்னல் ஓரம் என்பதால் யாரும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 14

ஜெயசீலனே கூப்பிட்டான். பாராட்டு வாங்கியவனுக்கு அதைச் சொல்லிக் காட்ட ஆள் வேண்டுமே.

“ஏன் நளா, நெசமாவே நீ இன்னும் செவப்பையெல்லாம் உள்ளயே வச்சுட்டு உக்காந்திருக்கியா?”

“வெளிய எங்க வைக்கறது? சந்தைக்கா கொண்டு போறது?”

“வெளியூர் அனுப்பு.”

விளக்கினான். ஒவ்வொரு பதிவின் மேலும் நோயாளியின் நிலை என்று ஒரு கட்டம் இருக்கிறது. உள்ளூர், வெளியூர், இறப்பு என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வெளியூர் என்று போட்டால் அந்த ஆள் கணக்கிலேயே வர மாட்டார். சிவப்பாக இருப்பவர்களையெல்லாம் வெளியூர் ஆக்கிவிட்டால் மிச்சம் இருப்பது பச்சை மட்டும்தான்.

“இறப்புன்னு போட்ராத, விசாரணை வரும்,” என்றான். “வெளியூர்னா எந்த ஊர்னு எவன் போய்த் தேடறான்?”

சர்க்கரையைக் குறைப்பதற்குப் பதிலாக ஆட்களைக் குறைத்திருக்கிறான் மகராசன். அவன் ஊரில் இப்போது கடுமையான நோயாளி ஒருவர்கூட இல்லை. எல்லோரும் வெளியூரில் இருக்கிறார்கள். அப்படி ஒரு ஊர் இருந்தால் அங்கே எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி கட்ட வேண்டியிருக்கும்! இதற்குச் சான்றிதழ் வேறு. போனை வைத்த பிறகு கையைக் கழுவினேன்.

பிப்ரவரி 20

மறுபடியும் ஆய்வுக் கூட்டம். மறுபடியும் சிவப்பு. இந்த முறை பெயர் சொல்லி என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். காணொலியில் எதற்கு எழுந்து நிற்பது? நின்றேன். கேமராவில் என் வயிறு மட்டும் தெரிந்திருக்கும்.

மார்ச் 5

காலையிலிருந்து மோட்டார் ஓடவில்லை. குளிக்காமல் போனேன்.

எப்சிபா சிஸ்டர் கணினி முன்னால் உட்கார்ந்து, அந்த வெளியூர் விவகாரம் தனக்கும் தெரியும் என்று மெதுவாகச் சொன்னார். ஜெயசீலன் நிலையத்து சிஸ்டர் சொன்னாராம். “நாமளும் பண்ணிரலாமா மேடம்?” என்று கேட்டார். நான் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. ஒழுங்காக வராதவர்கள் யார் யார் என்று பாருங்கள் என்றேன். அது நியாயமான கேள்வி. வராதவர்கள் நிஜமாகவே எங்கேயாவது போயிருக்கலாம். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு இந்த ஊரிலிருந்து தினம் மூன்று வேன் போகிறது. விடிந்து போனால் இருட்டித்தான் வருகிறார்கள். ஒரு வகையில் பார்த்தால் அவர்களும் வெளியூர்தான்.

சிஸ்டர் ஒவ்வொரு பெயராக வாசித்தார். நான் ஸ்டாக் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு ம், ம் என்றேன்.

“மயிலாத்தா மாசாமாசம் தவறாம வர்றாங்களே மேடம்?”

“அவங்க சர்க்கரை என்னிக்குக் குறைஞ்சிருக்கு சிஸ்டர்?”

கேள்விதான் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கணினி பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டரின் லாகினில்தான் அதையெல்லாம் மாற்ற முடியும். என் பாஸ்வேர்டு சிஸ்டருக்குத் தெரியும். நிரஞ்சனாவின் பிறந்தநாள்தான்.

மார்ச் 6

பச்சை.

ஒரு மாத்திரைகூடக் கூடுதலாகச் செலவாகவில்லை.

மார்ச் 12

மேலாளர் வாட்ஸ்அப்பில் கைதட்டுகிற பொம்மை மூன்று அனுப்பியிருக்கிறார். கூட்டத்தில் என்னை எழுந்து நிற்க வைத்த அதே ஆள். கேவலமான பிழைப்பு. அந்தச் செய்தியை என் கணவருக்கு அனுப்பினேன். கேலிக்காகத்தான்.

மார்ச் 19

மருந்து கவுண்ட்டரில் சத்தம். எட்டிப் பார்த்தால் மயிலாத்தாள்.

பதிவு உள்ளூர் என்று இருந்தால்தான் மாத்திரைச் சீட்டு வெளியே வரும். இதை ஜெயசீலன் எனக்குச் சொல்லவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது, மருந்து கவுண்ட்டர் பக்கம் போனால்தானே. மருந்தாளுநர் கனகசபாபதி சீட்டில்லாமல் ஒரு விக்ஸ்கூடக் கொடுக்க மாட்டார். “நீங்க வெளியூர் போயிட்டதா இருக்குதுங்கம்மா,” என்று அவளிடமே சொல்லியிருக்கிறார். அவள் நேராக என் அறைக்கு வந்துவிட்டாள்.

“ஏனுங்க டாக்டரம்மா, நான் வெளியூர் போயிட்டனாமா? எந்த ஊருன்னு கேட்டுச் சொல்லுங்க. சோறு கெடைக்கற ஊரா இருந்தா அங்கயே இருந்துக்கறேன்.”

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். கம்ப்யூட்டர் கோளாறு என்றேன். எல்லாப் பழியையும் தாங்குகிற ஒரே ஊழியர் அதுதான்.

“செரி, இப்பவே ஒரு தட்டுத் தட்டி என்னைய ஊருக்குள்ள வரச் சொல்லிருங்க.”

தட்டியிருக்கலாம். ஆனால் மாதக் கடைசியில் காலாண்டுக் கணக்கு எடுக்கிறார்கள். நாங்கள் பச்சைக் கோட்டின் விளிம்பில் நிற்கிறோம். இவளை உள்ளே விட்டால், நானும் வருகிறேன் என்று இன்னும் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். ஒன்றாம் தேதி கழிந்து வாங்க, சரிசெய்து வைக்கிறேன் என்றேன். அதுவரைக்கும் மெடிக்கல் ரெப் கொடுத்த சாம்பிள் அட்டை மேஜையில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன். அவள் சாப்பிடுகிற மாத்திரை அது இல்லை, அதன் தம்பி மாதிரி. சும்மா இருப்பதற்கு அது மேல்.

இடது காலில் பழைய சேலைத் துணி சுற்றியிருந்தாள். என்ன என்று கேட்டேன். கேட்காமல் இல்லை.

“தேங்கா ஓட்டுச் சில்லு ஏறிப்போச்சுங்க. வலியே இல்லீங்க டாக்டரம்மா, ஒண்ணுமே தெரியறதில்லை.”

வலி இல்லை என்றால் நல்லது என்றேன். வரிசை நின்றது. அறையில் ஊறின தேங்காய் வாடை அடித்தது. களத்துக்காரர்கள் வந்தால் அப்படித்தான். அவள் போன பிறகு ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

மார்ச் 20

சர்க்கரை நோயாளிக்கு வலி தெரியாவிட்டால் என்ன அர்த்தம் என்று இரண்டாம் வருட மாணவனுக்குக்கூடத் தெரியும். ஒன்றாம் தேதி வரட்டும், துணியை அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 2

காலாண்டு முடிவு: பச்சை. சிஸ்டர் கேக் வாங்கி வந்தார். பச்சை க்ரீம் போட்ட கேக், நாக்கெல்லாம் பச்சை. கனகசபாபதி தனக்குச் சர்க்கரை என்று சொல்லிக்கொண்டே இரண்டு துண்டு சாப்பிட்டார். அவர் பதிவைத் தேடிப் பார்த்தேன். வெளியூர்.

மயிலாத்தாள் வரவில்லை. வரச் சொன்ன தேதியில் வருகிற ஆளா அவள்? வந்தால் உள்ளூர் ஆக்கிவிடலாம். வராதவளுக்காக எதற்குத் திறப்பது?

ஏப்ரல் 9

மாவட்டக் கூட்டத்தில் என்னை மேடையேற்றி, “உங்கள் வெற்றியின் ரகசியம்?” என்று கேட்டார்கள். மக்களோடு உள்ள உறவு என்றேன். நாக்கு குழறவில்லை. கீழே ஜெயசீலன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அந்த ஹாலில் இருந்த அத்தனை பேர் மேலும் எனக்கு அருவருப்பாக இருந்தது. சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் மாட்ட ஆணி இல்லை.

ஏப்ரல் 16

மயிலாத்தாளுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

களத்தில் காய்ச்சலோடு மயங்கி விழுந்திருக்கிறாள். ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இதை எனக்கு ஊரில் யாரும் சொல்லவில்லை. அங்கிருக்கிற அறுவைச் சிகிச்சை டாக்டர் போன் செய்து சொன்னார். சின்ன வயதுக் குரல்.

“மேடம், ஒரு விவரம் வேணும். உங்க பதிவைத் தொறந்து பாத்தேன். கால் பரிசோதனை இயல்புன்னு இருக்கு. அப்புறம் வெளியூர்னு இருக்கு. இவங்க எந்த ஊர்ல போய் இருந்தாங்க? அங்க என்ன மருந்து எடுத்தாங்கன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்.”

அது என்ட்ரி போடுகிறவர்களின் தவறாக இருக்கும் என்றேன். அப்படியா என்றார். அந்த அப்படியாவில் ஒரு இழுவை இருந்தது. சின்னப் பையன், இரண்டு வருடம் ஏதாவது கிராமத்து நிலையத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், அப்புறம் இழுக்கட்டும்.

செருப்புப் போடாமல் ஓட்டுச் சில்லின் மேல் நடந்தது யார்? டீயில் சர்க்கரை போட்டுக் குடித்தது யார்? இன்சுலின் வேண்டாம் என்றது யார்? திரையில் அந்தக் கட்டத்தை வைத்தது யார்? பச்சை, சிவப்பு என்று எங்களை ஆட்டுவிப்பது யார்? மார்ச் ஐந்தாம் தேதி பெயர் பெயராக மாற்றியது சிஸ்டர்.

சாப்பாடு இறங்கவில்லை. குழம்பை அப்படியே கொட்டினேன்.

ஏப்ரல் 17

சிஸ்டர் விடுப்பு. தலைவலியாம்.

ஏப்ரல் 27

ஞாயிற்றுக்கிழமை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிப் பாதி வழியில்தான் அவளுக்குச் சர்க்கரை என்று நினைவு வந்தது. ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

கடைசிக் கட்டிலில் படுத்திருந்தாள். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. முகம் பாதியாகிவிட்டது. நான் வேறெங்கும் பார்க்க முடியாமல் அவள் முகத்தையே பார்த்தேன். மூக்குத்தியில் ஒரு கல் இல்லை. எப்போதிலிருந்து இல்லையோ, எனக்குத் தெரியாது.

“வாங்க டாக்டரம்மா. பொட்டி கொண்டுட்டு வரலீங்களா?”

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. மகளிடம், “நம்மூரு டாக்டரம்மா. என்னைய நல்லாப் பாத்துக்குவாங்க,” என்று அறிமுகம் செய்தாள். மகள் எழுந்து எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அதில் உட்காருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். இனிமேல் இன்சுலின் ஊசி தப்பாமல் போட வேண்டும், புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும், விட்டுவிட்டால் அடுத்த காலுக்கும் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஊசி, பஞ்சு எல்லாம் உங்கள் ஊர் நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்றாராம்.

“அதானுங்க கேக்கணும்னு இருந்தேன்,” என்றாள் மயிலாத்தாள். “என்ற பேரை ஊருக்குள்ள கொண்டுட்டு வந்துட்டீங்களா?”

“வந்தாச்சு,” என்றேன். “போட்டாச்சு.”

“இப்பத்தானுங்க நிம்மதி. இருக்கற ஒரு காலையாச்சும் காப்பாத்திக்கோணும். களத்துக்காரரு உக்காந்துட்டே தேங்காப் பருப்புத் தோண்டற வேலை தரேன்னு சொல்லியிருக்காரு.”

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். நாளைக்கே போட்டுவிடலாம், ஒரு தட்டுதான். ஆனால் கலந்தாய்வு மே ஏழாம் தேதி, அன்றைக்கு என்ன நிறமோ அதுதான் கணக்கு. மார்ச்சுக்குப் பிறகு பச்சைகளில் இரண்டு மூன்று பேர் சிவந்துவிட்டார்கள். இப்போது ஒரே ஒரு சிவப்பு ஏறினாலும் கோட்டுக்குக் கீழே போய்விடுவோம் என்று சிஸ்டர் சொன்னார். எப்படியும் வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொஞ்சம் ஊசி கொடுத்து அனுப்புவார்கள். எட்டாம் தேதி காலையில் முதல் வேலையாகப் போட்டுவிடுகிறேன். அவளிடம் சொன்னது பொய் இல்லை, கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னது.

மே 3

கோவையில் நிரஞ்சனா பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு நகர்ப்புற நிலையம் காலி என்று கணவர் விசாரித்துச் சொன்னார். பஸ்ஸே வேண்டாமாம், நடந்தே போகலாம். குக்கருக்குப் புது கேஸ்கட் வாங்கவில்லை. வாங்க வேண்டியிருக்காது.

மே 7

கிடைத்துவிட்டது! பச்சை வரிசையில் நான்காவது ஆளாகக் கூப்பிட்டார்கள். கோவை என்றேன், கோவை என்று அடித்துக் கொடுத்தார்கள். ஜெயசீலன் எனக்கு முன்னால் போய் ஈரோடு வாங்கிக்கொண்டான். இரண்டு பேரும் காப்பி குடித்தோம். அவன் மீது எனக்கு இருந்த இளக்காரம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் காப்பி நன்றாக இருந்தது.

நிரஞ்சனா போனில், “நிஜமாவாம்மா?” என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டாவது தடவை குரல் உடைந்தது. இந்த ஒன்றுக்காகத்தான்.

ஆணையில் உடனடியாக விடுவிக்கப்படுகிறார் என்று போட்டிருக்கிறார்கள். எட்டாம் தேதியே கோவையில் சேர வேண்டும்.

மே 8

புது நிலையத்தில் சேர்ந்தேன். கணினி இங்கேயும் அதே கணினி. உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பழைய லாகினைப் போட்டேன். நிரஞ்சனாவின் பிறந்தநாள். ஏற்கவில்லை. மறுபடி போட்டேன். விடுவிப்பு ஆணை வந்த உடனே பழைய இடத்து லாகினைத் தானாகவே மூடிவிடுமாம். இந்த ஒரு காரியத்தை மட்டும் இவர்கள் தாமதமில்லாமல் செய்கிறார்கள்.

மேலாளருக்குப் போன் செய்தேன். எதற்காகத் திறக்க வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள் மேடம், பரிசீலிக்கிறோம் என்றார். எதற்காக என்று எழுதுவது? காகிதத்தை எடுத்து வைத்தேன். ஐயா என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை.

மே 12

மதியம் எப்சிபா சிஸ்டர் கூப்பிட்டார். பின்னால் வரிசைச் சத்தம், குழந்தை அழுகிற சத்தம்.

“மேடம், மயிலாத்தா மருமகன் வந்திருக்காரு. வீட்டுக்கு வந்துட்டாங்களாம். கையில குடுத்துவிட்ட ஊசி நேத்தே தீந்துபோச்சாம். இங்க பதிவு வெளியூர்னே இருக்கு, சீட்டு வரமாட்டேங்குது.”

புது டாக்டர் வந்ததும் மாற்றிக்கொள்ளலாமே என்றேன்.

“இன்னும் ஆள் போடலையே மேடம்.”

பெரிய ஆஸ்பத்திரிக்கே போய் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன்.

“ஒத்தைக் காலோட பஸ் ஏறி எப்படி மேடம்?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பேரை உள்ளூர்ல போட்டாச்சுன்னு டாக்டரம்மாவே நேர்ல வந்து சொன்னாங்கன்னு சண்டை போடறாரு. உங்களைப் பாக்காமப் போக மாட்டேன்னு வாசல்ல உக்காந்துட்டாரு.”

போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“மேடம், லைன்ல இருக்கீங்களா? நான் அவருகிட்ட என்ன சொல்லட்டும்? டாக்டரம்மா வெளியூர் போயிட்டாங்கன்னு சொல்லிரட்டுமா?”

எப்சிபா சிஸ்டருக்குக் குத்திப் பேசத் தெரியாது. நிஜமாகவே கேட்டார்.

சொல்லிவிடுங்கள் என்றேன்.